எட்டு வயசுக்கும் எண்பது வயசுக்கும் ஒரே பூங்கா: சாரம் போன்ற பகுதிக்கு என்ன தேவை?

நகரத்தில் ஒரு பூங்காவைப் புதுப்பிக்கப் போகிறோம் என்று அறிவிப்பு வந்தால், கூடவே ஒரு பட்டியலும் வரும். ஊஞ்சல், சறுக்கு மரம், ஓபன் ஜிம், எட்டு வடிவ நடைபாதை, நீரூற்று, செல்ஃபி எடுக்க ஒரு வளைவு. திறப்பு விழா நடக்கும், முதல் மாதம் கூட்டம் அலைமோதும். ஒரு வருஷம் கழித்துப் போய்ப் பார்த்தால் காலையில் வாக்கிங் போகிறவர்களும், மாலையில் கொஞ்சம் குழந்தைகளும்தான் மிஞ்சியிருப்பார்கள். மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று யாரும் கேட்பதில்லை.

"எல்லா வயதினருக்குமான பூங்கா" என்ற பேச்சு இப்போது பல நகரங்களில் அடிபடுகிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு வயதுக்கும் ஒரு கருவி வாங்கி வைத்துவிட்டால் அது எல்லா வயதினருக்குமான பூங்கா ஆகிவிடுமா? புதுச்சேரியின் சாரம் போன்ற, வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் ஒரு பகுதியில் அதை எப்படிச் செய்வது? எங்கிருந்து தொடங்குவது?

இது ஏன் முக்கியம்?

புதுச்சேரிக்கு இது வெறும் பொழுதுபோக்கு விஷயம் இல்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆதரவுடன் நடந்த நாடு தழுவிய நீரிழிவு ஆய்வின் முடிவுகள் 2023-ல் வெளியாயின. 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் சர்க்கரை நோய் உள்ளவர்கள் நாடு முழுக்க 11.4 சதவீதம். புதுச்சேரியில் 26.3 சதவீதம். 26.4 சதவீதத்துடன் கோவா முதலிடத்தில் இருக்க, மயிரிழையில் புதுச்சேரி இரண்டாம் இடம். அதாவது, பெரியவர்களில் நான்கில் ஒருவருக்குச் சர்க்கரை.

அப்படிப்பட்டவர்களிடம் டாக்டர் சொல்லும் முதல் வார்த்தை, "தினமும் நடங்க." எங்கே நடப்பது? நடைபாதையில் பைக் நிற்கும், சாலை ஓரத்தில் சாக்கடை மூடி உடைந்திருக்கும். கடைசியில் மிஞ்சுவது பூங்காதான்.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம் மிதமான உடலுழைப்பு பெரியவர்களுக்குத் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல் சொல்கிறது. 5 முதல் 17 வயது வரை உள்ளவர்களுக்கு நாளொன்றுக்கு சராசரியாக 60 நிமிடம். 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் மூன்று நாளாவது உடல் சமநிலைக்கான பயிற்சி செய்ய வேண்டும், கீழே விழாமல் இருப்பதற்காக. ஒரே ஊர், ஒரே குடும்பம், ஆனால் தேவை மூன்று விதம்.

முதியவர்களின் எண்ணிக்கையும் கூடிக்கொண்டே போகிறது. 2021-ல் வெளியான மத்திய புள்ளியியல் அலுவலக அறிக்கையின்படி, 60 வயதைக் கடந்தவர்களின் பங்கில் கேரளத்துக்கு அடுத்து தமிழ்நாடுதான்: 13.6 சதவீதம். பக்கத்திலேயே இருக்கும் புதுச்சேரியும் அதே திசையில்தான் போகிறது. பிள்ளைகள் வெளிநாட்டிலும் சென்னையிலும் இருக்க, தாத்தா பாட்டி மட்டும் இருக்கும் வீடுகள் ஒவ்வொரு தெருவிலும் உண்டு. அவர்களுக்கு பூங்கா என்பது உடற்பயிற்சி செய்யும் இடம் மட்டும் அல்ல. நாளில் ஒரு முறையாவது நாலு பேரிடம் பேசும் இடமும் அதுதான்.

சாரத்தில் இடம் இருக்கிறதா?

பழைய பிரெஞ்சு நகரப் பகுதிக்கு கடற்கரைச் சாலை இருக்கிறது, நடுவில் ஆயி மண்டபத்துடன் பாரதி பூங்கா இருக்கிறது. அதன் தென்மேற்கே 1826-ல் உருவான தாவரவியல் பூங்கா இருக்கிறது. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் புதுப்பிப்புப் பணிக்கு எடுத்துக்கொள்ளப்பட்டதும் அதுதான். சுற்றுலாப் பயணிகளும் அங்கேதான் போகிறார்கள், பணமும் கவனமும் அங்கேதான் போகிறது.

சாரம் உழவர்கரை நகராட்சியில் இருக்கிறது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் உழவர்கரையில் சுமார் 3 லட்சம் பேர். புதுச்சேரி நகராட்சியைவிட அதிகம். ஆனால் ஊருக்கே பேர் சொல்லும் பெரிய பூங்காக்கள் இருப்பது அந்தப் பக்கம். சாரத்திலிருந்து ஒரு பாட்டி பேரனைக் கூட்டிக்கொண்டு தாவரவியல் பூங்காவுக்குப் போக வேண்டுமென்றால், வழியில் நெரிசலான சாலைகளைக் கடக்க வேண்டும், ஆட்டோவுக்குக் காசு கொடுக்க வேண்டும். மாதம் ஒரு முறை போகலாம். தினமும் போக முடியுமா?

மத்திய அரசின் 2014 நகரத் திட்டமிடல் வழிகாட்டுதல், ஒருவருக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்கிறது. 10,000 பேர் வசிக்கும் இடத்துக்கு, குறைந்த கணக்கில் பார்த்தாலும் 1 லட்சம் சதுர மீட்டர். அதாவது கிட்டத்தட்ட 25 ஏக்கர். தாவரவியல் பூங்கா முழுவதையும் தூக்கிக்கொண்டு வந்து வைத்தாலும் போதாது. சாரம் மாதிரி நிரம்பிப்போன பகுதியில் இது நடக்காத காரியம். புது நிலம் கிடைக்கப்போவதில்லை என்றால், இருக்கும் சின்ன இடங்களைத்தான் சரியாகப் பயன்படுத்த வேண்டும்.

இதற்கு ஒரு பழைய முன்னுதாரணம் உண்டு. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஆம்ஸ்டர்டாம் நகரத்திலும் இதே இட நெருக்கடிதான். அங்கே ஆல்டோ வான் ஐக் என்ற கட்டிடக் கலைஞர் 1947-ல் தொடங்கி, முப்பது ஆண்டுகளில் 700-க்கும் மேற்பட்ட சிறு விளையாட்டு இடங்களை வடிவமைத்தார். இடிந்த வீட்டு மனை, தெரு முனை, சும்மா கிடந்த முக்கு என்று கிடைத்த இடத்திலெல்லாம் ஒரு மணல் தொட்டி, சில கம்பிகள், ஒரு பெஞ்ச். பெரிய பூங்கா ஒன்று கட்டுவதற்குப் பதில், நடந்து போகும் தூரத்தில் சின்னதாக நிறைய. சாரத்துக்குப் பொருந்துவதும் இந்த வழிதான்.

யார் வருவதில்லை?

மறுவடிவமைப்பு இங்கிருந்துதான் தொடங்க வேண்டும். இருக்கிறவர்களிடம் கேட்டால் இருப்பதையே இன்னும் கொஞ்சம் கேட்பார்கள். வாக்கிங் போகிறவர் நல்ல நடைபாதை கேட்பார். ஊஞ்சலில் ஆடும் குழந்தை இன்னொரு ஊஞ்சல் கேட்கும். வராதவர்களிடம் யாரும் கேட்பதே இல்லை.

பத்து வயதைத் தாண்டிய பெண் பிள்ளைகள் நம்மூர்ப் பூங்காக்களில் அநேகமாகக் கண்ணில் படுவதில்லை. இது நம் ஊரின் கட்டுப்பெட்டித்தனத்தால் மட்டும் வருவது என்று நினைத்தால், வியன்னா நகரத்தின் அனுபவத்தைப் பார்க்க வேண்டும். அங்கே 1990-களின் நடுவில் நடந்த ஆய்வில், ஒன்பது பத்து வயதுக்குப் பிறகு பூங்காவுக்கு வரும் சிறுமிகளின் எண்ணிக்கை சட்டென்று குறைவது தெரிந்தது. திறந்து கிடந்த ஒரே மைதானத்தைப் பையன்கள் பந்தோடு பிடித்துக்கொள்ள, சிறுமிகள் ஒதுங்கிப்போனார்கள். சண்டை போடவில்லை, வருவதை நிறுத்திக்கொண்டார்கள்.

1999-ல் தொடங்கி அங்கே இரண்டு பூங்காக்களை மாற்றியமைத்தார்கள். ஒரே பெரிய மைதானத்தைச் சின்னச் சின்ன இடங்களாகப் பிரித்தார்கள். வாலிபால், பேட்மிண்டனுக்கு இடம் ஒதுக்கினார்கள். கூட்டமாக உட்கார்ந்து பேச மேடை போட்டார்கள். நடைபாதையையும் வெளிச்சத்தையும் சரி செய்தார்கள். சிறுமிகள் திரும்பி வந்தார்கள். பையன்களோடு சண்டையும் பெரிதாக வரவில்லை.

வராதவர்களின் பட்டியல் இதோடு முடியவில்லை. கைக்குழந்தையோடு இருக்கும் அம்மாக்களுக்கு நேரம் கிடைப்பது காலை பத்து மணிக்கு மேல். பல பூங்காக்கள் அந்த நேரத்தில் பூட்டிக் கிடக்கும். மூட்டுவலி உள்ள பெரியவர்களுக்கு அம்பது அடி நடந்தால் உட்கார வேண்டும். பெஞ்ச் இருப்பதோ அந்தக் கோடியில். சர்க்கரை நோயாளிக்கு அடிக்கடி கழிப்பறை போக வேண்டும். கழிப்பறை இருக்காது, இருந்தால் பூட்டியிருக்கும். பதினைந்து வயதுப் பையன்கள் நாலு பேர் சேர்ந்து நின்றாலே "இங்க என்னடா வேலை?" என்று விரட்டுவார்கள். அவர்கள் பிறகு எங்கே போய் நிற்கிறார்கள் என்று கவலைப்படுவதும் நாம்தான்.

கருவியை விட நிழல் முக்கியம்

மே மாதம் மாலை நாலு மணிக்கு இரும்புச் சறுக்கு மரத்தில் கை வைத்துப் பார்த்தால் பிரச்சினை புரிந்துவிடும். ஓபன் ஜிம் கம்பியும் அப்படித்தான் காயும். இப்போது எல்லா இடத்திலும் போடும் வண்ண ரப்பர் தளமும் வெயிலில் கொதிக்கும். ஊருக்குத் தகுந்த மாதிரி யோசிக்காமல் கேட்டலாக்கைப் பார்த்து வாங்கினால் இதுதான் கதி.

முதலில் மரம், பிறகு மற்றதெல்லாம். வேம்பு, புங்கன், பூவரசு, நாவல் எல்லாம் இந்த மண்ணில் வளரும், நிழலும் கொடுக்கும். ஆனால் நட்ட மரம் நிழல் தர ஐந்து முதல் பத்து வருஷம் ஆகும். அதுவரை கூரையோ நிழல் வலையோ வேண்டும். இருக்கும் பெரிய மரத்தை வெட்டிவிட்டு நடைபாதை போடுவதைப்போல் நஷ்டம் வேறெதுவும் இல்லை. 2011 டிசம்பர் 30-ல் கரையைக் கடந்த தானே புயலில் புதுச்சேரி இழந்த மரங்கள் ஏராளம். அந்த நிழலைத் திரும்பப் பெற எத்தனை வருஷம் ஆகிறது என்பது ஊருக்கே தெரியும்.

நடைபாதையில் வழுக்கும் டைல்ஸ் கூடாது. மரத்து வேர் தூக்கி விட்டால் இன்டர்லாக் கற்கள் மேடும் பள்ளமுமாகி, கண் மங்கியவர்களைத் தடுக்கி விழ வைக்கும். மரத்தடியில் இறுகிய மண் பாதை நல்லது. பெஞ்சுக்கு முதுகுச் சாய்மானமும் கைப்பிடியும் வேண்டும். கைப்பிடி அலங்காரத்துக்கு இல்லை. முட்டி பலவீனமானவர்கள் அதை ஊன்றித்தான் எழுந்திருக்க முடியும்.

குழந்தைகள் விளையாடும் இடத்துக்கு மணல் மலிவு, விழுந்தால் அடியும் குறைவு. நாயும் பூனையும் அசுத்தம் செய்யாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், மணலை அவ்வப்போது சலித்து மாற்ற வேண்டும். அந்த வேலைக்கு ஆள் இருக்கிறாரா என்பதையும் திட்டத்திலேயே எழுத வேண்டும்.

அரை ஏக்கரில் என்னவெல்லாம் முடியும்?

"எல்லாருக்கும் எல்லாம் வைக்க இங்க ஏது இடம்?" என்பது நியாயமான கேள்வி. ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அரை ஏக்கர் என்பது சுமார் 2,000 சதுர மீட்டர். பக்கத்துக்கு 45 மீட்டர் உள்ள சதுரம் என்று வைத்துக்கொண்டால், ஓரமாகப் போடும் நடைபாதை ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 170 மீட்டர். ஆறு சுற்று சுற்றினால் ஒரு கிலோமீட்டர் ஆகிவிடும். இரண்டு மீட்டர் அகலத்துக்கு அது எடுத்துக்கொள்வது சுமார் 340 சதுர மீட்டர்.

மூன்று வயது வரை உள்ள குழந்தைகளுக்கு வேலி போட்ட ஒரு மூலை, 100 சதுர மீட்டர். பெரிய பிள்ளைகளின் ஊஞ்சல், ஏறுகம்பிகளுக்கு 250. சுற்றிலும் இடம் விட்டு ஒரு பேட்மிண்டன் கோர்ட், 150. பெரியவர்கள் கைப்பிடியைப் பிடித்தபடி சமநிலைப் பயிற்சி செய்ய ஒரு 60. எல்லாம் சேர்த்தாலும் 900 சதுர மீட்டர்தான். பாதிக்கு மேல் மரத்துக்கும் சும்மா உட்காருவதற்கும் மிஞ்சும். நீரூற்றும் சிலையும் பெயர் வளைவும் இந்த இடத்தைத் தின்னாமல் இருந்தால் போதும்.

எதை எங்கே வைப்பது என்பதும் முக்கியம். சின்னக் குழந்தைகளின் மூலை வாசலுக்குப் பக்கத்தில் இருக்கக்கூடாது, ஓடிவிடுவார்கள். பந்து விளையாடும் இடமும் நடைபாதையும் குறுக்கிட்டால், "பசங்க குறுக்க ஓடுறாங்க" என்று வாக்கிங் போகிறவர்கள் புகார் சொல்வார்கள், பிறகு "பந்து விளையாடத் தடை" என்று போர்டு வரும். ஒரு ஓரமாக வலை கட்டினால் தீர்ந்துபோகும் சண்டை அது. தாத்தா பாட்டி உட்காரும் பெஞ்சிலிருந்து ஊஞ்சல் கண்ணுக்குத் தெரிய வேண்டும். அப்போதுதான் பேரப்பிள்ளையை விட்டுவிட்டு நிம்மதியாக உட்கார முடியும்.

சேர்ந்து விளையாட ஒரு விளையாட்டு

வயதுக்கு வயது தனித்தனி மூலை கொடுத்துவிட்டால், ஒரே பூங்காவில் நான்கு தீவுகள்தான் உருவாகும். எல்லோரையும் இழுத்துவரும் பொது இடம் ஒன்றாவது வேண்டும். இதற்குப் புதுச்சேரி வெளியே தேட வேண்டியதில்லை.

பிரான்ஸில் பிறந்த பெத்தாங்க் விளையாட்டு, பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்துத் திரும்பிய 'சொல்தா'க்களின் ஊரான புதுச்சேரியில் இன்றும் ஆடப்படுகிறது. சின்ன மரப்பந்து ஒன்றைத் தூக்கிப் போட்டு, அதற்குப் பக்கத்தில் யாருடைய இரும்புக் குண்டு போய் நிற்கிறது என்று பார்ப்பதுதான் ஆட்டம். ஓட வேண்டாம், குதிக்க வேண்டாம். பேத்தியும் ஆடலாம், தாத்தாவும் ஆடலாம், தாத்தா ஜெயிக்கவும் செய்வார். போட்டிக்கான களமே 15 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம்தான். சரளை மண் கொட்டினால் போதும். மேலே சொன்ன அரை ஏக்கரில் இதற்குத் தாராளமாக இடம் இருக்கிறது.

தாயமும் ஆடுபுலியும் அப்படித்தான். கோயில் மண்டபத் தரைகளில் கோடு செதுக்கி ஆடிய ஊர் இது. ஒரு சிமெண்ட் மேடையில் அந்தக் கட்டங்களைப் போட்டு வைப்பதற்கு ஆகும் செலவு, ஒரு ஓபன் ஜிம் கருவியின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

இடம் போதாவிட்டால் நேரத்தைப் பிரிக்கலாம்

புதுச்சேரிக்கு இது புதிதில்லை. கடற்கரைச் சாலையில் மாலை 6 மணி முதல் காலை 7.30 மணி வரை வண்டிகளுக்கு அனுமதி கிடையாது. பகலில் கார் ஓடும் அதே சாலையில் சாயங்காலம் குழந்தைகள் ஓடுகிறார்கள், பெரியவர்கள் நடக்கிறார்கள், இளைஞர்கள் பாறை ஓரம் உட்கார்ந்து அரட்டை அடிக்கிறார்கள். எந்தக் கருவியும் வைக்காமல், நேரத்தை மாற்றியே எல்லா வயதினரையும் வரவழைத்த இடம் அது.

சாரத்தின் சின்னப் பூங்காக்களிலும் இதைச் செய்யலாம். அதிகாலை ஐந்தரை முதல் எட்டு வரை நடப்பவர்களுக்கு. பத்திலிருந்து பன்னிரண்டு வரை கைக்குழந்தையோடு வருபவர்களுக்கும் அங்கன்வாடிப் பிள்ளைகளுக்கும். மாலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு. இரவு ஒன்பதரை வரை இளைஞர்களுக்கும் வேலை முடிந்து வரும் பெண்களுக்கும். யாரையும் தடுக்க வேண்டியதில்லை, அந்தந்த நேரத்தில் யாருக்கு முன்னுரிமை என்று சொன்னால் போதும். சமூக விரோதிகள் வருவார்கள் என்று பயந்து பூங்காவைப் பூட்டுவது வழக்கம். ஆள் நடமாட்டமும் வெளிச்சமும் இருக்கும் பூங்காவில் அந்தப் பயம் தானாகவே குறையும். அரசுப் பள்ளி மைதானங்களை விடுமுறை நாட்களில் காவலாளியோடு திறந்துவிட்டால், பந்து விளையாடும் நெரிசலும் பூங்காவிலிருந்து குறையும்.

வாசலிலேயே தடுக்கும் பூங்கா

மாடும் பைக்கும் உள்ளே வராமல் இருக்க வாசலில் சுழல் கம்பி வைப்பார்கள். அது வீல்சேரையும் தடுக்கும், குழந்தை தள்ளுவண்டியையும் தடுக்கும், வாக்கர் பிடித்து நடப்பவரையும் தடுக்கும். 2016-ன் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பொது இடங்கள் எல்லோருக்கும் அணுகக்கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது. இந்தத் தரநிலைகளைக் கட்டாயமாக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொன்னது. சாய்தளம் என்ற பெயரில் செங்குத்தாக ஒரு சிமெண்ட் சரிவைப் போட்டுவிட்டால் கணக்கு முடியாது. ஒரு அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும்.

பெங்களூரில் 2006-ல் தொடங்கிய கிளிகிளி அமைப்பு, மாற்றுத்திறனாளிக் குழந்தைகளையும் அவர்களின் பெற்றோரையும் கலந்து பேசி கோல்ஸ் பூங்காவில் எல்லாக் குழந்தைகளும் சேர்ந்து விளையாடும் இடத்தை உருவாக்க உழைத்தது. தனியாக ஒரு 'சிறப்பு' மூலை ஒதுக்காமல், பக்கத்து வீட்டுக் குழந்தையோடு சேர்ந்தே ஆட வைத்ததுதான் அதன் சிறப்பு.

சென்னை மெரினாவிலிருந்தும் ஒரு பாடம் உண்டு. வீல்சேரில் கடலருகே போக 263 மீட்டர் நீள மரப்பாதை, 1.14 கோடி ரூபாய் செலவில், 2022 நவம்பர் இறுதியில் திறக்கப்பட்டது. முதல் முறையாகக் கடல் அலையைப் பக்கத்தில் பார்த்தவர்கள் பலர். இரண்டு வாரம்கூட ஆகவில்லை, மாண்டஸ் புயலில் அதன் ஒரு பகுதி சேதமானது. பிறகு சீரமைத்துத் திறந்தார்கள். கடலோர ஊரில் எதைக் கட்டினாலும், அது உடையும்போது சரிசெய்ய யார், எந்தப் பணத்தில் என்பதைச் சேர்த்தே யோசிக்க வேண்டும்.

மழை வந்தால்?

2024 நவம்பர் 30-ல் கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயலில், புதுச்சேரியில் ஒரே நாளில் 46 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் பக்கமெல்லாம் வீட்டுக்குள் தண்ணீர். அப்படிப்பட்ட ஊரில் பூங்காவுக்கு முழுக்க சிமெண்ட் போடுவது இருக்கிற கொஞ்சநஞ்ச மண்ணையும் மூடுவதற்குச் சமம்.

நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் 2013-ல் திறந்த ஒரு சதுக்கம், வெயில் நாளில் பந்து விளையாடும் களம், மழை நாளில் தண்ணீர் தேங்கும் குளம். சென்னை மாநகராட்சியும் பல பூங்காக்களில் நிலத்தைத் தாழ்த்தி மழைநீர் உறிஞ்சும் 'ஸ்பாஞ்ச் பார்க்' அமைத்திருக்கிறது. சாரத்தின் பூங்காவிலும் பந்து விளையாடும் இடத்தை ஒன்று இரண்டு அடி தாழ்வாக அமைத்தால், மழைக்காலத்தில் தெருத் தண்ணீர் கொஞ்சம் அங்கே நிற்கும். இரண்டு நாளுக்குள் அது வடிய வேண்டும். இல்லையென்றால் டெங்கு கொசுவுக்குத்தான் பூங்கா கட்டியதாக ஆகும்.

முடிவெடுப்பது யார்?

மேலே சொன்ன எதுவும் பெரிய தொழில்நுட்பம் இல்லை. தெருவில் இருப்பவர்களிடம் கேட்டால் தெரிந்துவிடும் விஷயங்கள். கேட்க வேண்டியவர் யார் என்பதில்தான் புதுச்சேரியின் சிக்கல் இருக்கிறது.

பூங்கா, தோட்டம், விளையாட்டு மைதானம் ஆகியவை நகராட்சியின் பொறுப்பாக அரசியல் சட்டத்தின் 12-வது அட்டவணையில் இருக்கின்றன. 74-வது திருத்தம் கொண்டுவந்த ஏற்பாடு இது. 3 லட்சம் பேருக்கு மேல் உள்ள நகராட்சிகளில் வார்டு கமிட்டி இருக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. 2011 கணக்கெடுப்பிலேயே உழவர்கரை அந்த எல்லையைத் தொட்டுவிட்டது. ஆனால் புதுச்சேரியில் 1968-க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006-ல்தான் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. 2011-ல் அந்தப் பதவிக்காலம் முடிந்தது. அதன் பிறகு வருஷக்கணக்காகத் தேர்தல் நடக்கவில்லை.

விளைவு? "இந்தப் பெஞ்சை நிழலுக்கு மாத்துங்க" என்று சொல்ல வார்டு கவுன்சிலர் இல்லை. சின்ன விஷயத்துக்குக்கூட எம்.எல்.ஏ.வைப் பார்க்க வேண்டும், அல்லது அதிகாரிக்கு மனு கொடுக்க வேண்டும். மனு கொடுக்கத் தெரிந்தவர்கள் ஓய்வுபெற்ற அரசு ஊழியர்கள், நகர் நலச் சங்கத்து நிர்வாகிகள். அவர்கள் கேட்பது நியாயமாகவே இருக்கலாம். ஆனால் பதிமூன்று வயதுப் பெண் பிள்ளையும், வீட்டு வேலைக்குப் போகும் அம்மாவும், வீல்சேரில் இருப்பவரும் அந்த மனுவில் கையெழுத்துப் போட்டிருக்க மாட்டார்கள். எல்லா வயதினருக்குமான பூங்கா ஒரு சில வயதினரின் பூங்காவாகச் சுருங்குவது இப்படித்தான்.

பணமும் இதே கதைதான். தொகுதி மேம்பாட்டு நிதி போன்றவை அடிப்படையில் புதிதாக எதையாவது கட்டுவதற்கானவை. கல்வெட்டில் பெயர் வரும் செலவுக்குப் பணம் கிடைக்கும். தோட்டக்காரர் சம்பளம், கழிப்பறை சுத்தம், ஊஞ்சல் சங்கிலி மாற்றுவது ஆகியவற்றுக்குக் கல்வெட்டு கிடையாது. ஒரு குழந்தைக்கு அடிபடுவதோ, துருப்பிடித்த அந்தச் சங்கிலியால்தான்.

என்ன செய்யலாம்?

கனடாவிலிருந்து இயங்கும் '8 80 நகரங்கள்' என்ற அமைப்பு எளிமையான ஒரு அளவுகோலை முன்வைக்கிறது. ஒரு இடம் எட்டு வயதுக் குழந்தைக்கும் எண்பது வயதுப் பெரியவருக்கும் சரியாக இருந்தால், அது எல்லோருக்கும் சரியாக இருக்கும். இந்தியாவிலும் 2020-ல் மத்திய வீட்டுவசதி அமைச்சகம், ஐந்து வயது வரை உள்ள குழந்தைகளை மனதில் வைத்துப் பொது இடங்களை மாற்றும் போட்டி ஒன்றை நகரங்களுக்கு நடத்தியது. அதில் பல நகரங்கள் கயிறு, பெயிண்ட், பழைய டயர் போன்ற மலிவான பொருட்களை வைத்து முதலில் தற்காலிகமாகச் செய்து பார்த்தன. சரிப்பட்டு வந்ததை மட்டும் நிரந்தரமாக்கினார்கள். டெண்டர் விட்டுக் கட்டி முடித்த பிறகு தப்பு என்று தெரிவதைவிட இது எவ்வளவோ மேல்.

சாரத்தில் எந்தப் பூங்காவைத் தொடுவதற்கு முன்பும் ஒரு வாரம் ஒதுக்கி ஆட்களை எண்ணலாம். காலை, மதியம், மாலை, இரவு என்று நான்கு வேளை. ஆண் எத்தனை, பெண் எத்தனை, என்ன வயது, என்ன செய்கிறார்கள். பள்ளி மாணவர்களை விட்டே எண்ணச் சொல்லலாம். கையில் ஒரு நோட்டும் பேனாவும் போதும். யார் வரவில்லை என்பது அந்த நோட்டில் தெரிந்துவிடும். பிறகு அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டி, "ஏன் வர்றதில்லை?" என்று கேட்க வேண்டும். கிடைக்கும் பதிலைத் திட்டத்தின் முதல் பக்கத்தில் எழுத வேண்டும். புதுப்பித்து ஆறு மாதம் கழித்து அதே நோட்டை எடுத்துக்கொண்டு மறுபடி எண்ண வேண்டும்.

அன்றைக்குப் பத்து வயதுக்கு மேற்பட்ட பெண் பிள்ளைகளின் எண்ணிக்கையும், எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களின் எண்ணிக்கையும் கூடியிருந்தால் செலவழித்த பணம் வீண் போகவில்லை. கூடவில்லை என்றால், பெயிண்ட் புதிது, பூங்கா பழையதுதான்.